காற்றை மிதித்தவள்

— ஏடி முத்தழகு, தலையைக் காட்டு, துவட்டி விடுறேன். மெட்ராசுக்குப் போட்டிக்குப் போற புள்ள, சளியைப் புடிச்சுக்கிட்டா நிப்ப?

— விடும்மா, ஆளுக பாக்குறாக.

— பாக்கட்டும்! தேவிபட்டினத்துக் கடல்ல, கடக்கரைப் புள்ளைகளை எல்லாம் பின்னால தள்ளிட்டு, மானம் பாத்த காட்டுல களையெடுக்குற மீனம்மா மக முதலாவதா வந்திருக்கா. பாக்காம என்ன செய்வாக? நீ காலை அடிச்ச அடி இருக்கே, ஆத்தாடி! தண்ணி பனமர ஒசரத்துக்குத் தெறிச்சுச்சு. நான் கரையில நின்னு குலவையே போட்டுட்டேன்.

— நீ குலவை போடையில நான் கடைசியில கெடந்தேன்மா.

— என்னடி சொல்ற?

— நம்ம கெணத்துல காலு தானா அமுங்கும், ஓங்கி அடிச்சாப் போயிரலாம். இங்கன உப்புத் தண்ணி ஆளையே மேல தூக்குது. காலு ரெண்டும் வெளிய வந்துருச்சு. நான் மிதிச்சதெல்லாம் காத்தை. தெறிச்சுச்சே ஒழிய ஆளு நகரல.

— அடி பாதகத்தி! பெறகு தெறிப்பு நின்னுச்சே. புள்ள களைச்சுப் போச்சுன்னு முனியய்யா சாமிக்குச் சேவலையில்ல நேந்துக்கிட்டேன்!

— அப்பத்தான் முந்த ஆரம்பிச்சேன். தலையைக் கொஞ்சம் தூக்கி, காலைத் தண்ணிக்குள்ள எறக்கி அடிச்சேன். நாம தண்ணியைப் பின்னால தள்ளுனாத்தான் அது நம்மளை முன்னால தள்ளுமாம்.

— தள்ளுமாமா? ஆரு சொன்னா?

— பக்கத்துல நீந்துன தொண்டிப் புள்ள, மலிகா. மூச்செடுக்கையில கத்திச் சொன்னா. அவதான் ரெண்டாவதா வந்தவ.

— மெட்ராசுக்கு ஒருத்திதான போக முடியும்? வெவரங்கெட்ட புள்ளையா இருக்காளே! நீ ஊருக்குள்ள இதைச் சொல்லிறாத. கெணத்துல நான் கத்துக் குடுத்த நீச்சலுன்னு சொல்லிக்கிறேன்.

— நான் சொல்லத்தான்மா செய்வேன். மெதுவாப் பேசு, அவளே வாரா.

— முத்தழகு, இந்தா சுக்குக் காப்பி. எங்கம்மா குடுத்து விட்டாக. நீங்களும் குடிங்கம்மா, தொண்டை கட்டிப் போயிருக்கும்.

— குடிக்கிறேன்த்தா மலிகா. ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. நீ வாயைத் தொறக்காம இருந்திருந்தா மெட்ராசுக்கு நீயில்ல போயிருப்ப? எம்மக மேல அம்புட்டு எரக்கமா ஒனக்கு?

— எரக்கமா? அல்லாவே! நான் ஜெயிக்கத்தாம்மா சொன்னேன். என்னையப் பெத்த அத்தா சங்கு குளிக்கிறவுக. நீந்தத் தடுமாறுறவளை முந்தி வாங்குன கப்பை அவுக வாசப்படி தாண்ட விடமாட்டாக.