வீட்டில் எத்தனை பிள்ளைகள்?

“படு! படு!”

அண்ணாவின் குரல். முதலில் எறிகணை கூவிவரும் சத்தம். பிறகு நிலம் குலுங்குகிறது. மண் கொட்டுகிறது. வன்னிக் கடற்கரை, கடைசி மாதங்கள். எனக்கு ஐந்து வயது. அண்ணாவுக்குப் பதினாறு. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். திரும்பிப் பார்க்க விடவில்லை. என் முகத்தைத் தன் தோளில் அழுத்திப் பிடித்திருந்தார்.

இப்போது டொரொண்டோ. ஆஸ்பத்திரிக் கட்டில். அஜின்கோர்ட்டில் கூரை வேலை செய்யும்போது அண்ணா விழுந்தார். மண்டைக்குள் இரத்தக்கசிவு. கண் திறக்கவே பல கிழமைகள் எடுத்தன. முதல் பரிசோதனை நாள். தெளிவு எவ்வளவு, நினைவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள். தேறினால் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு எடுப்பார்கள். இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். முதியவர்களுக்கு நடுவில். முப்பத்து மூன்று வயதில்.

நான் பல்கலைக்கழகத்தில் மூளையைத்தான் படிக்கிறேன். இந்தக் கேள்விகள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொழிபெயர்ப்பாளர் வரப் பிந்தியது. நானே சொல்கிறேன் என்று முந்திக்கொண்டேன். முதல்நாளே அண்ணாவுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்திருந்தேன். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. அகதி விசாரணைக்கு முன்பும் வீட்டில் இப்படித்தான் கேட்டுக் கேட்டுப் பழகினோம்.

சோதிக்க வந்த பெண் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். என்ன இடம்? சரி. என்ன மாதம்? சரி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்தது நான் பழக்காத கேள்வி. வீட்டில் மொத்தம் எத்தனை பிள்ளைகள்?

“அஞ்சு பேர்.”

பெயர்களையும் சொல்லத் தொடங்கினார். தன்னை விட்டுவிட்டு. ரஞ்சி. நிறுத்தினார். செல்வன். நிறுத்தினார். வன்னியில் பங்கர்க் குழிக்குள் இப்படித்தான் கூப்பிடுவார். ஒவ்வொரு எறிகணைச் செல் விழுந்த பிறகும். இருட்டுக்குள் இருந்து ஓம், ஓம் என்போம், உயிரோடு இருக்கிறோம் என்று. பிறகு என் பெயர். நிறுத்தினார். நான் ஓம் சொல்லவில்லை. பபா. அதுதான் கடைக்குட்டி.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். சரியா என்று புருவத்தால் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு பேர் என்றே சொல்லி வளர்ந்தவள். ஐந்து என்றால் மற்றவர்கள் எங்கே என்று கேட்பார்கள். பிறகு வகுப்பே அமைதியாகிவிடும். அண்ணா குழம்பிவிட்டார், நாங்கள் இரண்டு பேர்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யோசிக்கவே இல்லை. கெதியாய்ச் சொன்னேன். அந்தப் பெண் பிழை போட்டார்.

அண்ணாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

அடுத்த கிழமை மறுபரிசோதனை. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். வோபர்னில் இருந்து ஒரு அங்கிள். அதே கேள்வி. அண்ணா அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“ரெண்டு.”

சரி போட்டார்கள். நல்ல முன்னேற்றம் என்றார் அந்தப் பெண். சிகிச்சைக்கு இடம் கிடைத்தது. நான் நன்றி சொன்னேன். வாய் கூசவில்லை. அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அப்போதுதான் கூசியது.

எழுதிவைக்கிறேன். ரஞ்சி, பதினான்கு வயது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். செல்வன், பதினொன்று. பங்கர் வாசலில். பபா, மூன்று. வெளியே ஒரு காயமும் இல்லை. நித்திரை என்றே நினைத்தோம்.

இறந்தவர்கள் மூன்று பேர். அந்தப் பெயர்களை அண்ணா அந்த ‘ரெண்டு’க்குப் பிறகு கூப்பிடவில்லை. என்னால் நின்ற அந்தக் கூப்பிடலையும் சேர்த்துத்தான் கணக்கு.