பட்டாணியும் கன்றுக்குட்டியும்

"பட்டாணிச் செடிக்கும் கன்னுக்குட்டிக்கும் பேதமே கிடையாதாம், ஓய்!"

எழுபதுகளில் ஒரு மாலை, திருவள்ளூர் ரயிலில் வறுத்த பட்டாணியைக் கொறித்தபடி ஒருவர் எதிரில் இருந்தவரிடம் சொன்னார். பேசின் பிரிட்ஜ் தாண்டிய பிறகுதான் இருவரும் பழக்கமானார்கள். இரண்டு நெற்றியிலும் முழு நாமம் இல்லை; நடுவில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு மட்டும்.

"யார் சொன்னா?"

"என் பிள்ளைதான். மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்றான். ஒவ்வொரு செல்லுக்கு நடுவுலயும் நியூக்ளியஸ்னு ஒண்ணு. அதுக்குள்ள ஹிஸ்டோன்னு ஒரு புரோட்டீன். பரம்பரை குணத்தைச் சுமக்கற நூலை அதுலதான் சுத்தி வச்சிருக்காம். அந்தச் சுத்து பிசகினா கான்சர் வருமோன்னு பார்க்கறா."

"பட்டாணிக்கும் அதேவா?"

"அதுல ஒரு வகை அப்படியே ஒண்ணு. ரெண்டே ரெண்டு இடத்துலதான் மாறறதாம்."

"அப்போ மனுஷாளுக்குள்ள பேதமே இல்லேங்கறேள்! பிள்ளைக்கு வரன் பார்க்கறேளா? என் பொண்ணு பி.எஸ்ஸி. முடிச்சிருக்கா."

"பேஷா! என்ன கோத்ரம்?"

"பாரத்வாஜம்."

"நாங்க ஸ்ரீவத்ஸம். பொருந்தறதே! வடகலைதானே?"

"தென்கலை."

பட்டாணி மெல்லும் சத்தம் நின்றது. திருநின்றவூரில் பெண்ணைப் பெற்றவர் விடுவிடுவென்று இறங்கிப் போனார்.

"இன்னா சாமி, அவுரு கோச்சிக்கினு போறாரு?" என்றார் கூடையோடு பெட்டிக்குள் வந்த பட்டாணி விற்பவர்.

பிள்ளையைப் பெற்றவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"பையனண்ட சொல்லணும். ஒண்ணா இருக்கறதை ஆராய்ஞ்சு என்ன பிரயோஜனம்? அந்த ரெண்டு இடத்தைன்னா பார்க்கணும்!"