ஹெயிட்டியில் வரி வாங்குவது யார்

நோத்ர-டாம்-த-கிரேஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். முதியோர் இல்லமொன்றில் வேலை முடிந்து வருகிறார்கள் போலும். இருவருக்கும் ஒரே நீலச் சட்டை. மூத்தவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"ஹெயிட்டிக்கு வரி வாங்கப் பழக்கப் போகினமாம், பிள்ளை."

நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன்.

"ஆரக்கா?"

"வெளிநாட்டுப் பொருளாதார ஆக்கள். சுங்கத்தைத் திருத்தினால் நாடு நிமிருமாம். எங்களோட வேலை செய்யிற மரிதான் சொன்னவள், அவளின்ர நாடெல்லோ."

"அங்க றோட்டெல்லாம் ஆயுதக்காரர் எண்டல்லோ மரி அழுதவள்?"

"ஓம். துறைமுகத்தால சாமான் வெளிக்கிட்டால் சந்திக்குச் சந்தி மறிச்சு அவங்கள்தான் வாங்கிறாங்களாம்."

"அப்ப அரசாங்கத்துக்கு ஆர் கட்டுவினம்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல."

இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

"சண்டை நேரம் அப்பா வன்னிக்கு லொறி ஓடினவர். அரசாங்கம், இயக்கம் எண்டு ரெண்டு பக்கத்துக்கும் வரி கட்டினவர். கட்டினதுக்குப் பற்றுச்சீட்டுத் துண்டும் குடுத்தவை. அதைக் காட்டினால் அடுத்த இடத்தில விடுவினம்."

"நானும் அதை நினைச்சுத்தான் மரிக்குச் சொன்னனான். அவளின்ர தம்பியும் அங்க லொறிதானே ஓடுறான். துண்டைக் கவனமா வைச்சிருக்கச் சொல்லு எண்டன்."

"என்ன சொன்னவள்?"

"என்ன துண்டு எண்டு என்னைக் கேட்டவள்."

"துண்டு குடுக்கமாட்டாங்களோ?"

"தெரியேல்ல. தம்பி மூண்டு நாளாப் போன் எடுக்கேல்லயாம்."

பஸ் நின்றது. மூத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். இளையவர் எழும்பவில்லை.

"அப்ப அவன் ஆருக்குக் கட்டாமல் விட்டவன், அக்கா?"