நாற்பத்தேழாம் எண் பொத்தான்

மேலாளரின் கைப்பேசி அலறியபோது நான் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விநாடி கூடுதலாக ஊறினால் உடைந்து அடியில் போய்விடும். அதனால் நிமிரவில்லை. பேசுவது அவர் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், சேதி சாவுச் சேதி என்பது நிமிராமலே எனக்குத் தெரியும்.

எங்கள் நிறுவனம் செய்வது நல்ல காரியம். தனியாக வாழும் முதியவர்களின் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிவிடுகிறோம். அழுத்தினால் கிளவுடில் இருக்கும் எங்கள் மென்பொருள் ஆம்புலன்ஸை அழைக்கும். அந்த மென்பொருளில் செய்யும் மாற்றங்களை வெளியிடும் கருவி என் பொறுப்பு. நான்கு வருடத்துக்கு முன் அது என் தம்பியின் பொறுப்பாக இருந்தது.

அப்போது மேலாளரின் ஒப்புதல் மட்டும் போதும். 'இன்னும் சோதிக்கவில்லை, வெளியிட வேண்டாம்' என்று தம்பி குறிப்பு எழுதிவைத்த மாற்றத்தை அவர் படிக்காமலே வெளியிட்டார். ஒரு பகல் முழுக்கப் பொத்தான்கள் ஊமையாயின. எல்லார் முன்னாலும் தம்பியைத் தூங்குமூஞ்சி என்று சொல்லி வெளியே அனுப்பினார். வேறெங்கும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் மாதம் உயிரை விட்டான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்தேன், அவ்வளவுதான்.

நான் அவனுடைய அக்கா என்று தெரியாமலே மேலாளர் எனக்கு வேலை கொடுத்தார். வந்ததும் கருவியில் ஒரு விதி போட்டேன், பாலிசி என்போம். எழுதியவர், மேலாளர் இருவரும் 'படித்தேன், சம்மதம்' என்று ஒப்புதல் கொடுத்தால்தான் எதுவும் வெளியே போகும். நியாயமான விதி என்று அவரே பாராட்டினார்.

கருவியில் இல்லாத வேலையை நாமே எழுதிச் சேர்க்கலாம். அதற்குக் கஸ்டம் டாஸ்க் என்று பெயர். நான்கே வரியில் ஒன்று எழுதினேன். குறிப்பில் எதையும் மறைக்கவில்லை. 'நாற்பத்தேழாம் எண் பொத்தானை அழுத்தினால் இனி ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போகாது. இது உங்கள் அம்மாவின் பொத்தான்.'

ஒரு தடவை படித்துவிடுங்கள் என்று அவர் அறைக்கே போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"நீங்க எழுதினதைப் போய்ப் படிக்கிறதா? கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாம் மேடம்."

கொடுத்தார்.

அந்த அம்மாவின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பொத்தானை அவர் கழுத்தில் மாட்டியதே நான்தான். முடி சிக்காமல் பார்த்து மாட்டினேன்.

அவர் ஒப்புதல் கொடுத்த பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்று இருபதுக்கு என் திரையில் நாற்பத்தேழு ஒளிர்ந்தது. பத்தொன்பது முறை அழுத்தினார். கடைசி முறை பன்னிரண்டு ஐந்துக்கு. எல்லாம் பதிவில் இருக்கிறது. நல்ல மென்பொருள், எதையும் மறக்காது. தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அழைப்பது மென்பொருளின் வேலை.

ஆக, கொன்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன், எதிரே உட்கார்ந்திருந்த விசாரணை அதிகாரியிடம். படிக்காமல் ஒப்புதல் கொடுத்தவர்தானே?

அவர் ஒப்புதல் பதிவை அச்சிட்ட காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "ரெண்டு பேர் ஒப்புதல் வேணும்னீங்களே. இதுல இன்னொண்ணு யாரோடது?"

"என்னோடதுதான் சார். நான் ஒவ்வொரு வரியும் படிச்சிட்டுத்தான் கொடுத்தேன்."