மூன்றாம் தவணை

— செருப்பக் கழட்டாமலே உள்ள வாங்க டீச்சர். இன்னைக்குக் கூட்டவே இல்ல. கூட்டுற மொறக்காரப் புள்ளைங்க ரெண்டும் வரல.

— பள்ளிக்கூடம் விட்டாச்சோ, மாஸ்டர்?

— இப்பத்தான் விட்டேன். கஹவத்தைக் கல்விக் கந்தோருக்கு வேலையாப் போறதாச் சொன்னீங்க. பகல் பஸ்ஸுல வந்துருவீங்கன்னு ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன். சீலையெல்லாம் சேறா இருக்கு. நடந்தா வந்தீங்க?

— பஸ்ஸிலை ஏற மனம் வரேல்லை. நடந்திட்டன். முதல்லை நீங்கள் சொல்லுங்கோ. இண்டைக்கு எப்பிடிப் போச்சுது?

— என்னத்தச் சொல்றது. எல்லா வகுப்பையும் ஒண்ணா உக்கார வச்சேன். முந்தி ஒரு வகுப்புக்கே பெஞ்சு பத்தாது. இப்பப் பள்ளிக்கூடமே ஒரு மூலைல அடங்கிருச்சு. கீழ் டிவிசன்லருந்து ஒரு புள்ளகூட வரல.

— என்ன படிப்பிச்சனீங்கள்?

— மழ எப்படி உண்டாவுதுன்னு. கேத்தல்ல தண்ணியக் கொதிக்க வச்சு, ஆவிக்கு மேல ஒரு தட்டப் புடிச்சுக் காட்டினேன். தட்டுல தண்ணி முத்து முத்தா நின்னதும் புள்ளைங்களுக்கு அம்புட்டு சந்தோசம். அது வரைக்கும் நல்லாத்தான் போச்சு.

— பேந்து எங்கை பிசகினது?

— பின்னால உக்காந்து பாக்காமலே பிசகிருச்சுன்னு கண்டுபுடிச்சுடுறீங்க.

— ரெண்டு வருசமா வெள்ளிக்கிழமையிலை உங்கடை வகுப்பிலை நான் பின்வரிசை வாங்கிலை இருக்கிறன், என்ரை வகுப்பிலை நீங்கள் இருக்கிறியள். உங்கடை குரல் எந்த இடத்திலை இறங்கும் எண்டு எனக்குத் தெரியாதோ?

— கடைக்கார கபூர் நானா மக றஸ்மியா இருக்குல்ல, ரெண்டாம் வகுப்பு. தட்டையே பாத்துக்கிட்டு இருந்த புள்ள திடீர்னு எந்திரிச்சு, ‘சேர், ஒங்க மக தவமணி அக்கா எப்பப் பள்ளிக்கூடம் வருவாங்க?’ன்னு கேட்டுருச்சு.

— என்ன சொன்னனீங்கள்?

— பலகப் பக்கம் திரும்பி, காலைல எழுதின தேதிய அழிச்சுட்டு மறுபடி அதையே எழுதினேன். புள்ள கேள்வி கேட்டா அது மொகத்தப் பாத்துப் பதில் சொல்லணும், தெரியலன்னா தெரியலன்னாவது சொல்லணும்னு நாம ரெண்டு பேருந்தான பேசி முடிவு பண்ணோம். இன்னைக்கு என்னால முடியல. வெள்ளிக்கெழம பேசறப்ப இத மொதல்ல எடுங்க.

— எடுக்க மாட்டன். நானெண்டாலும் பலகையைத்தான் பாத்திருப்பன்.

— ஒரு வாய்த் தேத்தண்ணி குடிங்க டீச்சர். மொகமே சரியில்ல. நாளைக்கு வெள்ளனவே நானே வந்துடுறேன். போன கெழம சொன்னீங்கல்ல, லயத்து வீடு வீடாப் போயித் தாய் தகப்பன்கிட்டப் பேசணும்னு. மேல் டிவிசன்லருந்து ஆரம்பிப்போம்.

— வேண்டாம், மாஸ்டர்.

— மழைக்காகவா?

— லயத்துக்குப் போக வேண்டாம். ஒரு பிள்ளையையும் கூப்பிட வேண்டாம்.

— நீங்களா சொல்றீங்க? தொக கொறஞ்சாப் பள்ளிக்கூடத்த மூடிப்போடுவாங்கன்னு மேசையத் தட்டித் தட்டிச் சொன்னது செல்வநாயகி டீச்சரா, வேற ஆளா?

— நான்தான் சொன்னனான். மூடினாலும் மூடட்டும். வாற பிள்ளையளுக்குப் படிப்பிப்பம்.

— அப்படிச் சொல்லாதீங்க. நீங்க வர்றதுக்கு முந்தி இது என்னா பள்ளிக்கூடம்? தாயும் தகப்பனும் மலைக்குப் போயிருக்கையில புள்ளைங்கள அடைச்சு வைக்கிற கொட்டகை. நான் ஒத்த ஆளு. கைல பிரம்பு. காலைலருந்து சங்கு ஊதற வரைக்கும் வாய்ப்பாடு கத்த விடுவேன். அதுதான் படிப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அரசாங்கம் எடுத்து ஒங்கள அனுப்பினப்ப, யாழ்ப்பாணத்து டீச்சராம், நம்மள மதிக்காதுன்னு பயந்தேன். நீங்க என்னான்னா, மொத வாரமே ‘என்ரை வகுப்பைப் பாத்துப் பிழை சொல்லுங்கோ’ன்னு என்னையக் கூட்டியாந்து உக்கார வச்சீங்க.

— பிழை இருந்ததுதானே. ‘கெதியா எழுதுங்கோ’ எண்டு சொல்லிச் சொல்லித் தொண்டை நொந்தது. ஒரு பிள்ளையும் பென்சிலைத் தொடேல்லை. நீங்கள் பின்னாலை இருந்து ‘வெரசா எழுதுங்கன்னு சொல்றாங்கப்பா’ எண்டீங்கள். அதுக்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினதுகள். பதினெட்டு வருசம் படிப்பிச்சவள், அண்டைக்குத்தான் பிள்ளையளின்ரை காதாலை கேக்கப் பழகினனான்.

— அப்படிக் கட்டின பள்ளிக்கூடத்தத்தான் மூடட்டும்ங்கிறீங்க.

— இருங்கோ, மாஸ்டர். உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். நான் இண்டைக்குக் கந்தோருக்குப் போகேல்லை. சந்திக்குக் கிட்ட இருக்கிற சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போனனான்.

— தேத்தண்ணி ஆறுது டீச்சர்.

— கேக்கிறியளோ?

— கேக்குறேன்.

— கீழ் டிவிசன் பிள்ளையள் அங்கை போகுதுகள் எண்டு பஸ்ஸிலை ஒரு கதை கேட்டன். அதிபரைக் கண்டு கதைச்சு, எங்கடை பிள்ளையளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவம் எண்டுதான் போனனான். நல்ல மனுசன். கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, ‘பயந்துபோய் வாற பிள்ளையை நான் எந்த மனத்தோடை திருப்பி அனுப்புறது, நீங்களே சொல்லுங்கோ’ எண்டு கேட்டார்.

— நீங்க என்னா சொன்னீங்க?

— ‘ஆர் ஆர் வந்திருக்கினம்?’ எண்டுதான் கேட்டன். தோட்டத்துப் பிள்ளையள் இன்னார் இன்னார் எண்டு சொன்னார். ஆனா தோட்டத்துப் பிள்ளை எண்டு அவருக்கே தெரியாத ஒரு பிள்ளையும் அங்கை இருந்தது.

— டீச்சர்...

— தவமணிக்குக் காய்ச்சல் எண்டீங்கள். மூண்டாம் தவணைக்குப் பள்ளிக்கூடம் துடங்கின நாள்முதலாக் காய்ச்சல். நான் கொத்தமல்லியும் இஞ்சியும் வாங்கித் தந்துவிட்டனான்.

— குடுத்தீங்க. அது அம்மா சுப்பம்மாதான் அவிச்சா. நானும் அவளுந்தான் குடிச்சோம். கீழ கொட்ட மனசு வரல.

— எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

— எந்த வாயால சொல்ல? நீங்க ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்குப் போயிட்டீங்க. ஒங்களுக்குச் சாவகச்சேரி இருக்கு. நாங்க எங்க போறது? எழுபத்தேழுக் கலவரத்துல ஒரு தடவ ஓடினோம். இந்தத் தடவ பட்டப்பகல்ல வந்தாங்க. கீழ் லயத்துக்கு நெருப்பு வச்சாங்க. றப்பர் மலைக்குள்ள ஓடுறோம், எங்க செல்லையா பெரியப்பாவால ஓட முடியல. ‘நீங்க போங்கடா’ன்னு கையக் காட்டிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. மூணாம் நாளு போயி நாங்கதான் எடுத்து அடக்கம் பண்ணோம்.

— தெரியும், மாஸ்டர். ஊரிலை இருந்து திரும்பி வந்த அண்டைக்குச் சொன்னீங்கள்.

— இதச் சொல்லல. மலைக்கு அந்தாண்ட சிங்களக் கிராமத்துல சோமாவதி அக்கா வீடு. எங்களப் பாத்ததும் றப்பர் சீட்டு அடுக்குற அறைல வச்சுப் பூட்டுனாங்க. தவமணி பின்தங்கிருச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள ஆளுங்களும் வந்துட்டாங்க. ‘யாரு இந்தப் புள்ள?’ன்னு கேக்குறாங்க. ‘என் தங்கச்சி மக’ங்கிறாங்க அக்கா. தவமணியும் சிங்களத்துலயே பேசிச்சு, பெரியம்மா வீட்டுக்கு லீவுக்கு வந்தேன்னு. இங்க பொறந்த புள்ளைக்கு அந்தப் பேச்சு கஷ்டமா? நான் பலக இடுக்குல காத வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். சுப்பம்மா வாய நானே பொத்திக்கிட்டு இருந்தேன்.

— ஐயோ, மாஸ்டர்.

— அதுக்கப்பறம் அக்காதான் சொன்னாங்க, ‘என் தங்கச்சி மகளாவே இருந்துட்டுப் போவட்டும்’னு. அவங்களே அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிச் சேத்தாங்க. மெனிக்கேன்னு சிங்களப் பேரு குடுத்தாங்க. நான் வாசப்பக்கம்கூடப் போவல. இந்த ரோட்டுல வெள்ளக் கவுனோட நம்ம பள்ளிக்கூடத்துக்கு மேல ஏறினாத் தமிழ்ப் புள்ள, சந்திக்குக் கீழ எறங்கினாச் சிங்களப் புள்ள. ரெண்டும் ஒரே கவுனுதான் டீச்சர். மேல ஏறிப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் பெத்தவ வாசல்லயே நிப்பா. கீழ எறங்கிப் போனா அடுப்பு வேலையப் பாக்குறா. நான் வேற என்னா செய்ய?

— நான் உங்களைப் பிழை சொல்லேல்லை.

— சொல்லுங்க. எம் மகள அங்க விட்டுட்டு, ஊரான் புள்ளைங்களை இங்க வாங்கன்னு கூப்பிடப் பாத்தேன் பாருங்க. நாளைக்கு வர்றேன்னு இப்பக்கூடச் சொன்னேனே. நான் வாத்தியாரா?

— நீங்கள் தகப்பன். அதுக்குப் பிறகுதான் வாத்தியார். எனக்கும் இண்டைக்குத்தான் அது விளங்கினது. என்ரை தமையன் ஆனந்தராசா காலிலை விழாத குறை, ‘போகாதை, ஊருக்கு இடமாற்றம் எடு’ எண்டு. அதுக்கு ஆக்களைப் பிடிச்சுத் தாறன் எண்டவர். நான் ஏன் வந்தனான் தெரியுமோ? தவமணி புலமைப்பரிசில் சோதினைக்கு இருக்கிறா, விட்டிட்டு வந்திட்டன் எண்டு நித்திரை இல்லை. இந்தத் தோட்டத்திலை இருந்து முதல் போற பிள்ளை அவவாத்தான் இருப்பா எண்டு நினைச்சனான்.

— அங்கயும் அஞ்சாம் வகுப்புத்தான... அங்கயிருந்தும் எழுதலாம்ல?

— அரிவரி வகுப்பிலை இருக்கிறா, மாஸ்டர்.

— அரிவரிலயா?

— பேசத் தெரியும். எழுதத் தெரியாதே. கடைசி வாங்கு. சின்னப் பிள்ளையளின்ரை மேசை, முழங்கால் கீழை போகாது. காலைப் பக்கத்தாலை மடக்கிக்கொண்டு இருக்கிறா. பின்னக் கணக்கை என்னைவிடக் கெதியாச் செய்யிற பிள்ளை, சிங்கள அகரத்தை வட்டம் வட்டமாப் போட்டுப் பழகிறா.

— வீட்டுல மூச்சு விடல அது. சாயங்காலம் வந்ததும் கொப்பியப் பைக்குள்ள வச்சுரும். ‘என்னா படிச்சே?’ன்னு கேட்டா, ‘எல்லாம் படிச்சோம்ப்பா’ங்கும்.

— வடிவா எழுதியிருந்தா. கோட்டை விட்டு ஒரு எழுத்தும் விலகேல்லை.

— ஒங்களப் பாத்துச்சா?

— பாத்தவ. அதிபரோடை நான் வாசல்லை போய் நிக்க, வகுப்பு முழுக்க எழும்பினது. அவவும் எழும்பினா. சின்னனுகளுக்கை அவ தனிய உயர்ந்து தெரிஞ்சா. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் எண்டு அதிபர் என்னைக் காட்டினார். அவ என்னையே பாத்துக்கொண்டு நிண்டா. பக்கத்திலை நிண்ட பிள்ளை அதைக் கண்டிட்டு, ‘உனக்கு இவவைத் தெரியுமோ?’ எண்டு உரத்துக் கேட்டுது. அதிபரும் திரும்பிப் பாத்தார். படிப்பிக்கிற நோனாவும் பாத்தா.

— என்னா சொல்லிச்சு?

— ‘அந்துரன்னே நே’ எண்டா. தெரியாதாம்.

— என்னா சொல்றீங்க?

— என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டுதான் சொன்னவ. பேந்து மற்றப் பிள்ளையளோடை இருந்திட்டா.

— ஒங்களத் தெரியாதுன்னா சொல்லிச்சு? அம்மா ஊத்திக் குடுக்குற தேத்தண்ணிய டீச்சருக்குக் குடுக்காமக் குடிக்காதே, அந்தப் புள்ளையா? ஒங்க சீல முந்தானையப் புடிச்சுக்கிட்டு ரோட்டு வரைக்கும் வருமே. தலைல பேனு இருக்குன்னு ஒங்க மடில போட்டு ஈரு இழுத்தீங்களே. என்னா நெஞ்சழுத்தம் அதுக்கு. ஒளிஞ்சுகிடன்னுதான நாங்க சொன்னோம். ஒங்கள மறன்னு யாரு சொன்னா?

— மாஸ்டர், கொஞ்சம் இருங்கோ.

— இருக்க மாட்டேன். பேரத்தான மாத்தினேன், புள்ளையவா மாத்தினேன்? இப்பவே போறேன். ரெண்டு அறை அறைஞ்சு, தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்து ஒங்க கால்ல விழ வைக்கிறேன். அப்பறம் நெருப்பு வந்தாலும் வரட்டும், நாளைலருந்து அது இங்கதான் வந்து படிக்கணும்.

— நல்லையா மாஸ்டர், பிள்ளையைத் தொட்டுப்போடாதேங்கோ. என்னைக் கண்டதும் சிரிச்சுக்கொண்டு, ‘டீச்சர்’ எண்டு கூப்பிட வாயெடுத்தவ. நான்தான் ஒருத்தருக்கும் தெரியாமல் வாயிலை விரலை வைச்சு, கூப்பிடாதை எண்டு தலையை ஆட்டினனான்.