நஷ்டத்துக்கு ஒரு பிரியாணி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இருந்த பெண் தன் பக்கத்திலிருந்த அண்ணனிடம் சொன்னாள்: "காலைல என் ஷேரை ஐந்நூறு ரூபா நஷ்டத்துல வித்துட்டேண்ணே. இன்னிக்கு பிரியாணி நான் வாங்கித் தரேன்."

"நஷ்டத்துக்கு பிரியாணியா? இன்னாமே, லூசா நீ?" அண்ணன் போனைப் பார்த்துச் சிரித்தார். "தோ பாரு, நீ வித்ததும் ஏறிகினு கீது."

"ஏறட்டுமே! ஐந்நூறுக்கு மேல நஷ்டம் உடக் கூடாதுன்னு வாங்கசொல்லோவே முடிவு பண்ணேன். உட்டேன், சொன்ன மாதிரியே வெளிய வந்துட்டேன். அதுக்குத்தான் பிரியாணி."

"நான்லாம் நஷ்டத்துல விக்கவே மாட்டேன்."

"தெரியும். விழுந்த ஷேரைக் கட்டிப் புடிச்சிகினு கீற. அதை வாங்குறதுக்கு நீ அடகு வெச்ச அண்ணி வளையலு இன்னும் கடையிலதான் கீது."

திருவொற்றியூர் வந்ததும் அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்: "மட்டன் பிரியாணியா?"

"சிக்கன்தான். அதுக்கும் ஒரு அளவு வெச்சிகினுதான் வந்தேன்."