பொது லிஃப்ட்

ராமேஸ்வரம் பஸ் உச்சிப்புளியைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். அவள் மடியில் துணி சுற்றிய சிறு மண்கலயம். அவள் கணவரின் அஸ்தியைக் கடலில் கரைக்கப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"மதுரையில ஒங்க அப்பார்ட்மெண்டுலயே ஒரு ஃப்ளாட் வெலைக்கு வருதுக்கா, வாங்கலாமான்னு பாக்குறேன். பக்கத்துத் தெருவுல வரிசையா தனித்தனி வீடும் கட்டுறாய்ங்க. ரெண்டும் ஒரே அளவுதான். என்ன பெரிய வித்தியாசம்?"

"ஒரு சாவு விழுந்தா தெரியும்டா."

தம்பி திரும்பிப் பார்த்தான்.

"சொந்த ஊரு கடலாடிக்குக் கொண்டாந்த பெறகுதான நீ ஒம் மச்சானப் பாத்த? மதுரையில எங்க வீடு நாலாவது மாடி. கீழ வச்சுக் குளிப்பாட்டக் கூடாது, பந்தல் போடக் கூடாதுன்டாங்க. ஃப்ளாட்டுல சொவத்துக்கு உள்ள இருக்குறதுதான் நம்மளது. படி, லிஃப்ட், கீழ கெடக்குற மண்ணு எல்லாம் பொது. தனி வீடுன்னா வாசலாச்சும் நம்ம வாசல்."

"எப்படிக்கா எறக்குனீங்க?"

"படுக்க வச்சா லிஃப்ட் கொள்ளல. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, போர்வையப் போத்தி எறக்குனோம். தல சாயாம நான் தாங்கிக்கிட்டேன்."

பாம்பன் பாலத்தில் காற்று வீசியது. கலயத்தை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது மாடியில லிஃப்ட் நின்னுச்சு. ஒருத்தர் ஏறி, 'சாருக்கு ஒடம்பு சரியில்லையா?'ன்னாரு. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்னேன். 'சீக்கிரம் போங்கம்மா, சரியாயிரும்'னாரு. சரின்னு தலையாட்டுனேன்டா."